கொலீஜியம் லிஸ்ட் வந்தால் எதைப் பார்ப்பது: என் நீள நோட்டிலிருந்து

கொலீஜியம் என்பது நீதிபதி பதவிக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகளின் குழு. அதன் "லிஸ்ட் வந்திருச்சாம்" என்று யாராவது போனைத் தூக்கிக் காட்டினால், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் எங்கள் பெண் வக்கீல்கள் அறையில் டீ ஆறிப்போகும். அடுத்த இரண்டு நிமிடம் எல்லோருக்கும் ஒரே வேலைதான். இனிஷியலையும் ஊரையும் வைத்து இவர் இன்ன ஆள், அவர் இன்னாருடைய மருமகன் என்று கணக்குப் போடுவோம். பெண்கள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணுவோம். "பரவாயில்லையே, ரெண்டு பேர்" என்றோ "இந்தத் தடவையும் இல்லை" என்றோ சொல்லிவிட்டு அவரவர் கோர்ட் ஹாலுக்குக் கிளம்பிவிடுவோம்.

வருஷக்கணக்காக இப்படி எண்ணியதில் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. பாரபட்சம் இருக்கிறது என்று வயிற்றுக்குத் தெரியும், ஆனால் காகிதத்தில் காட்டச் சொன்னால் கை வெறுங்கையாக இருக்கும். அதனால் 2018-ல் கோர்ட் வாசல் கடையில் ஒரு நீள நோட்டு வாங்கிக் கட்டம் போட ஆரம்பித்தேன். இப்போது ஜூனியர்கள் அதைக் கேட்டு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள். உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்குப் பெயரைத் தொடங்கிவைப்பது அந்த உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியும் அவருக்கு அடுத்த இரண்டு மூத்த நீதிபதிகளும். அது மாநில அரசு, மத்திய சட்ட அமைச்சகம் என்று போகும். நடுவில் உளவுத்துறை அறிக்கை சேரும். பிறகு உச்ச நீதிமன்றத்தில் இந்தியத் தலைமை நீதிபதியும் இரண்டு மூத்த நீதிபதிகளும் பார்ப்பார்கள். உச்ச நீதிமன்ற நியமனம் என்றால் தலைமை நீதிபதியோடு நான்கு பேர். இந்த ஏற்பாடு அரசமைப்புச் சட்டத்தின் 124, 217-ஆம் பிரிவுகளில் எழுதப்பட்டதில்லை. 1993, 1998 தீர்ப்புகள் வழியாக வந்தது. மாற்றாகக் கொண்டுவந்த நியமன ஆணையத்தை 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது. இட ஒதுக்கீடு இந்தப் பாதையில் எங்கும் கிடையாது. சரி, இது போதும். மீதியை லிஸ்டைப் படிக்கும்போதே கற்றுக்கொள்வீர்கள்.

தீர்மானத்தை எங்கே எடுப்பது? 2017 அக்டோபரிலிருந்து கொலீஜியம் தீர்மானங்கள் உச்ச நீதிமன்ற இணையதளத்தில் வருகின்றன. வந்த அன்றே பிடிஎஃப்பை இறக்கித் தேதி போட்டுச் சேமித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பெயர்ப்பட்டியலை நம்பி நோட்டில் எழுத வேண்டாம். நான் எழுதி அடித்திருக்கிறேன். சில தீர்மானங்களில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பத்தி காரணம் இருக்கும். சிலவற்றில் பெயர் மட்டும்தான். காரணம் எழுதியது கிடைத்தால் பத்திரமாக வைத்திருங்கள், அது தங்கம்.

இனி கட்டங்கள். பெயர், பிறந்த தேதி, பாரிலிருந்து (அதாவது வக்கீல் தொழிலிலிருந்து) வந்தவரா கீழ்க்கோர்ட் நீதிபதி சர்வீஸிலிருந்து வந்தவரா, கொலீஜியம் பரிந்துரைத்த தேதி, பதவியேற்ற தேதி, அன்று எத்தனையாவதாகப் பதவியேற்றார், ஓய்வு பெறும் தேதி. இவ்வளவும் உச்ச நீதிமன்றத் தளத்திலிருந்தும், அந்தந்த உயர் நீதிமன்றத் தளத்திலிருந்தும், சட்ட அமைச்சகத்தின் நீதித்துறைப் பிரிவு வெளியிடும் நீதிபதிகள் பட்டியலிலிருந்தும் கிடைத்துவிடும். பாலினத்துக்கு ஒரு கட்டம்.

சாதிக்கும் ஒரு கட்டம் போடுங்கள். ஆனால் காகித ஆதாரம் இல்லாமல் அதை நிரப்பாதீர்கள். ஆரம்பத்தில் நான் ஒருவருடைய ஊரையும் அப்பா பெயரையும் வைத்து ஒரு சாதியை எழுதினேன். ஒரு கூட்டத்தில் அந்தப் பக்கத்தைக் காட்டிப் பேசியபோது, அவரிடம் முன்பு ஜூனியராக இருந்த பையன் எழுந்து, "அக்கா, அது தப்பு" என்றான். அதற்குப் பிறகு நான் சொன்ன சரியான கணக்குகளையும் யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. தீர்மானத்திலேயே எழுதியிருந்தால் மட்டும் நிரப்புங்கள். உதாரணமாக, 2023 ஜனவரி 17 தேதியிட்ட சென்னை உயர் நீதிமன்றத் தீர்மானம், வக்கீல் ராமசாமி நீலகண்டன் இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் என்றும், அவரது நியமனம் அந்த வகுப்புக்குக் கூடுதல் பிரதிநிதித்துவம் தரும் என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது. அப்படி இல்லாதபோது கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

காலிக் கட்டங்களைத் தனித்தனியாக நிரப்ப முடியாவிட்டாலும், மொத்தமாக நிரப்ப ஒரு வழி இருக்கிறது: நாடாளுமன்றக் கேள்விகள். 2018-லிருந்து பரிந்துரைக்கப்படுகிறவர்கள் தங்கள் சமூகப் பின்னணியை ஒரு படிவத்தில் எழுதித் தருகிறார்கள். அதை வைத்துச் சட்ட அமைச்சர் பதில் சொல்வார். 2023 ஜூலை வரையான பதிலில் மொத்தம் 604 நீதிபதிகள்: பொதுப்பிரிவு 458, பிற்படுத்தப்பட்டோர் 72, பட்டியல் சாதி 18, பழங்குடி 9, சிறுபான்மையினர் 34, தகவல் இல்லாதவர்கள் 13. கூட்டிப் பாருங்கள், 604 வரும். எந்தப் பதில் கிடைத்தாலும் முதலில் கூட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இனி என் குமாஸ்தா சொல்லிக்கொடுத்த தந்திரம் ஒன்று. அவர் வாய்தாக் கணக்கையே கழித்தல் போட்டுத்தான் சரிபார்ப்பார். 2025 மார்ச்சில் வந்த பதிலில் மொத்தம் 715. பட்டியல் சாதி 22, பழங்குடி 16, பிற்படுத்தப்பட்டோர் 89. பழையதைப் புதியதிலிருந்து கழியுங்கள். இடைப்பட்ட காலத்தில் புதிதாக வந்தவர்கள் 111 பேர். அதில் பட்டியல் சாதியினர் 4, பழங்குடியினர் 7, பிற்படுத்தப்பட்டோர் 17. "2018-லிருந்து" என்ற நீண்ட கணக்கு எப்போதும் மெதுவாகத்தான் அசையும். நிலைமை மாறுகிறதா என்று தெரிய வேண்டுமானால் கழித்தல்தான் வழி. பழங்குடியினர் 9-லிருந்து 16 ஆனது நல்ல நகர்வு என்று இதில்தான் தெரிந்தது. பட்டியல் சாதியினர் எண்ணிக்கை நூற்றுக்கு மூன்றிலிருந்து நாலுக்குள்ளேயே நிற்கிறது என்றும் இதில்தான் தெரிந்தது.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே ஒரு பட்டியலை வெளியிட்டது. 2022 நவம்பர் 9 முதல் 2025 மே 5 வரை உயர் நீதிமன்றங்களுக்குக் கொலீஜியம் ஒப்புதல் தந்த 221 பேர் அதில் உண்டு. பெண்கள் 34, பட்டியல் சாதி 8, பழங்குடி 7. பணியில் உள்ள அல்லது ஓய்வு பெற்ற நீதிபதிகளின் உறவினர்கள் 14 பேர். நாங்கள் டீயோடு பேசிக்கொண்டிருந்த "இன்னாருடைய மருமகன்" கணக்கு முதல்முறையாக அதிகாரபூர்வக் காகிதத்தில் வந்தது. 14 என்பது எங்கள் அறையில் பேசப்பட்ட எண்ணிக்கையைவிடக் குறைவு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெருங்கிய உறவு மட்டுமே உறவாகாது. ஒரே சேம்பரில் இருபது வருஷம் ஜூனியராக இருந்ததைக் கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

அப்புறம் வயது. நோட்டில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், இங்கே கொஞ்சம் நிற்கலாம். உயர் நீதிமன்ற நீதிபதிக்கு ஓய்வு வயது 62, உச்ச நீதிமன்றத்தில் 65. மேலே போவது பெரும்பாலும் மூப்பு வரிசையில், அதாவது யார் முதலில் பதவியேற்றார் என்ற வரிசையில். ஆகவே ஒருவர் உள்ளே வந்த வயதைப் பார்த்தாலே அவர் எவ்வளவு தூரம் போக முடியும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஒருவர் 46 வயதில் பாரிலிருந்து வந்தால் 16 வருஷம் இருக்கிறது. இன்னொருவர் 57 வயதில் மாவட்ட நீதிபதியாக இருந்து வந்தால் ஐந்து வருஷம். இருவரும் ஒரே நாளில் பதவியேற்றுப் பக்கத்துப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். தலை எண்ணினால் இரண்டு. ஆனால் பெயர்களைத் தேர்ந்தெடுக்கும் அந்த மூவரில் ஒருவராக வருவதற்கு முதலாமவருக்குத்தான் காலம் இருக்கிறது.

பெண்கள் விஷயத்தில் இது ஏன் முக்கியம்? பெண்கள் அதிகமாக நுழையும் கதவு பரீட்சைக் கதவு. நம் மாநிலத்தில் சிவில் நீதிபதித் தேர்வை டிஎன்பிஎஸ்சி நடத்துகிறது. 69 சதவீத இட ஒதுக்கீடும் அதற்குள் பெண்களுக்கு 30 சதவீதமும் உண்டு. உச்ச நீதிமன்றத்தின் ஆய்வு மையம் 2023-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, நாடு முழுக்க மாவட்ட நீதித்துறையில் பெண்கள் 36.3 சதவீதம். அதே காலத்தில் உயர் நீதிமன்றங்களில் 13.4. கதவு திறந்த இடத்தில் வருகிறார்கள். ஆனால் அங்கிருந்து படியேறி உயர் நீதிமன்றத்துக்கு வரும்போது தலை நரைத்திருக்கும். எனவே பெண் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் நுழைந்த வயதையும் எழுதுங்கள். 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் பத்துப் பேர் சேர்ந்தபோது பெண் நீதிபதிகள் 13 ஆனார்கள். நாட்டிலேயே அதிகம் என்று பெருமைப்பட்டோம். அந்தப் பக்கத்தில் எத்தனை பேர் எந்த வருஷம் ஓய்வு பெறுகிறார்கள் என்று எழுதிப் பார்த்த பிறகுதான் என் குரல் கொஞ்சம் இறங்கியது.

சர்வீஸிலிருந்து வந்தும் மேலே போனவர் நம் ஊர்க்காரர் ஆர். பானுமதி. எப்படி முடிந்தது என்று வயதைப் பாருங்கள். 1955-ல் பிறந்தவர், 1988-ல் நேரடித் தேர்வில் மாவட்ட நீதிபதியானார், அதாவது 33 வயதுக்குள். 2003-ல் உயர் நீதிமன்றம், 2014-ல் உச்ச நீதிமன்றம், 2019 நவம்பரில் கொலீஜியத்திலும் இடம். அடியில் இருந்து ஏறாமல் நடுப்படியில் ஏறியதால் கிடைத்த வருஷங்கள் அவை. இதற்கு நேரெதிர்க் கணக்கு உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவியுடையது. அவர் கேரள உயர் நீதிமன்றத்தில் 62 வயது முடிந்து ஓய்வு பெற்றதே 1989 ஏப்ரலில். உச்ச நீதிமன்றத்துக்கு அழைத்தது அக்டோபரில். கிடைத்தது இரண்டரை வருஷம்.

தலித் நீதிபதிகளுக்கும் இதே கணக்கைப் போடலாம். ஜோலார்பேட்டைக்காரரான ஏ. வரதராஜன் 1973-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் 1980-ல் உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். அங்கே முதல் தலித் நீதிபதி அவர்தான். பிறகு 2007-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமை நீதிபதியானார். அவர் 2010-ல் ஓய்வு பெற்றதும் நோட்டில் ஒரு நீண்ட வெள்ளை: 2019 மே மாதம் பி.ஆர். கவாய் வரும்வரை உச்ச நீதிமன்றத்தில் ஒரு தலித் நீதிபதியும் இல்லை. ஒன்பது வருஷம். இந்த மாதிரி வெள்ளை இடங்களுக்கு நான் சிவப்புப் பென்சிலில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். யாரையும் "உன்னை எடுக்க மாட்டேன்" என்று எழுதிய காகிதம் எங்கேயும் கிடைக்காது. கிடைப்பது இந்த வெள்ளைதான்.

பதவியேற்ற வரிசையை ஏன் தனிக் கட்டமாக எழுதச் சொன்னேன்? 2000 ஜனவரி 28. உச்ச நீதிமன்றத்தின் பொன்விழா நாள். துரைசாமி ராஜு, ஒய்.கே. சபர்வால், ரூமா பால் மூவரும் அன்று பதவியேற்றார்கள், அந்த வரிசையில். சபர்வால் 2005 நவம்பரில் தலைமை நீதிபதியானார். ரூமா பால் 2006 ஜூனில் சாதாரண நீதிபதியாகவே ஓய்வு பெற்றார். ஒரே நாளில் ஓர் இடம் முன்னால் நின்றிருந்தால், இந்தியாவுக்கு அப்போதே ஒரு பெண் தலைமை நீதிபதி ஏழு மாதம் இருந்திருப்பார். தேதிக் கட்டத்தை மட்டும் பார்த்தால் மூவரும் சமம் என்றுதான் தெரியும். 2021 ஆகஸ்ட் 31-ல் ஒன்பது பேர் பதவியேற்றதில் மூவர் பெண்கள். அதில் பி.வி. நாகரத்னா 2027 செப்டம்பரில் தலைமை நீதிபதி ஆகும் வரிசையில் இருக்கிறார். எத்தனை நாளைக்கு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 36.

அடுத்தது காத்திருப்பு. பரிந்துரைத் தேதிக்கும் பதவியேற்ற தேதிக்கும் இடையே நாட்களை எண்ணுங்கள். இதற்கு நான் ஜூனியர்களுக்குக் காட்டும் பக்கம் 2022 பிப்ரவரி 16. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஆறு வக்கீல்களை உச்ச நீதிமன்றக் கொலீஜியம் பரிந்துரைத்தது. நிடுமொலு மாலாவும் எஸ். சௌந்தரும் மார்ச்சிலேயே பதவியேற்றார்கள். சுந்தர் மோகனும் குமரேஷ் பாபுவும் ஜூனில். மீதி இரண்டு பேர் அப்துல் ஹமீது, ஜான் சத்யன். அவர்கள் கட்டம் காலி.

இங்கே அவசரப்பட்டு முடிவுக்கு வராமல் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். ஜான் சத்யன் விஷயத்தில் இருக்கிறது. பிரதமரை விமர்சித்த ஒரு கட்டுரையைப் பகிர்ந்தார், நீட் தேர்வை ஒட்டி ஒரு மாணவி இறந்தபோது ஒரு பதிவைப் போட்டார் என்று உளவுத்துறை சொன்னதையும், அவருக்கு நல்ல பெயர் உண்டு, நேர்மையில் குறை எதுவும் கவனத்துக்கு வரவில்லை என்று அதே உளவுத்துறை சொன்னதையும், அவர் கிறிஸ்தவர் என்பதையும் கொலீஜியம் 2023 ஜனவரி 17 தீர்மானத்தில் பதிவு செய்து, அவர் பெயரையே மறுபடியும் பரிந்துரைத்தது. இன்னொருவருக்கு நான் பார்த்தவரை காரணம் பொதுவில் இல்லை. எனவே அதைப் பற்றி நான் எழுத மாட்டேன், நீங்களும் எழுதாதீர்கள். அதே ஜனவரி 17-ல் புதிதாகப் பரிந்துரைக்கப்பட்டவர் எல். விக்டோரியா கௌரி. அவர் நியமனத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு விசாரணையில் இருந்த 2023 பிப்ரவரி 7 அன்றே பதவியேற்றார். வழக்கும் தள்ளுபடியானது. 21 நாள். பெண் கட்டத்தில் ஒன்று கூடியது, சிறுபான்மைக் கட்டத்திலும் கூடியது. ஆகவே கட்டங்களின் கூட்டுத்தொகை மட்டும் கதையைச் சொல்லாது. யாருடைய பெயர் வேகமாகப் போகிறது, யாருடையது நிற்கிறது என்பதும் சேர வேண்டும். அந்த வருஷம் மார்ச் 21 தேதியிட்ட தீர்மானத்தில், முன்னால் போன பெயர்களை நிறுத்திவைப்பதால் மூப்பு பறிபோகிறது, இது மிகவும் கவலைக்குரியது என்று கொலீஜியமே எழுதியது. நான் வயதுக் கணக்கில் சொன்னது அதேதான்.

காரணம் எழுதிய தீர்மானங்கள் கிடைத்தால் இரண்டு விஷயங்களைக் கோடிடுங்கள்: வருமானம், சட்ட இதழ்களில் பதிவான தீர்ப்புகளின் எண்ணிக்கை. பார்க்க நியாயமான அளவுகோல்தான். ஆனால் எந்தத் தொழில் எதைத் தருகிறது என்று யோசியுங்கள். நான் முதல் எட்டு வருஷம் செய்தது ஜீவனாம்ச வழக்குகள். அந்தப் பெண்கள் கொடுத்த ஃபீஸ் சில நேரம் ஒரு சீப்பு வாழைப்பழம். அந்த வழக்குகள் எந்த இதழிலும் அச்சாவதில்லை. என்னோடு பதிவு செய்த தலித் நண்பர் ஒருவர் செஷன்ஸ் கோர்ட்டில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தால் பக்கத்து ஹாலிலிருந்து வந்து பார்ப்பார்கள். உயர் நீதிமன்ற நீதிபதிகள் எவரும் பார்த்ததில்லை. ஒருவரைப் பரிந்துரைக்கலாமா என்று கருத்துக் கேட்கும்போது அவர்கள் பார்த்தவர்களைப் பற்றித்தானே சொல்வார்கள்?

உங்களிடம் கட்டாயம் இரண்டு சமாதானங்கள் வரும். ஒன்று, "பெண் வக்கீல்களே குறைவு". 2021-ல் தலைமை நீதிபதி ரமணா, 17 லட்சம் வக்கீல்களில் பெண்கள் 15 சதவீதம்தான் என்றார். உண்மைதான், அதை மறுக்காமல் 36.3 என்ற மாவட்ட நீதித்துறைக் கணக்கைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டாவது, "கேட்டால் அவர்களே வேண்டாம் என்கிறார்கள்". 2021 ஏப்ரலில் அப்போதைய தலைமை நீதிபதி பாப்டே, வீட்டுப் பொறுப்பையும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பதையும் சொல்லிப் பெண்கள் மறுப்பதாக உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிகள் தன்னிடம் சொன்னார்கள் என்றார். என் மகள் பிளஸ் டூ படித்த வருஷம் என் பக்கத்து மேஜை வக்கீலின் மகனும் பிளஸ் டூதான். அவரிடம் யாரும் அதைப் பற்றி விசாரித்ததாக நினைவில்லை. எத்தனை பெண்களிடம் கேட்டார்கள், எத்தனை ஆண்களிடம் கேட்டார்கள், யார் எந்தத் தேதியில் மறுத்தார்கள் என்று காகிதம் கேளுங்கள்.

காகிதம் கேட்பதற்குத் தகவல் உரிமை மனு. பத்து ரூபாய். தலைமை நீதிபதி அலுவலகமும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று 2019 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. "ஏன் பெண்களை நியமிக்கவில்லை" என்று கேட்டால் பதில் வராது. "ஏன்" என்ற சொல்லே மனுவில் இருக்கக் கூடாது. எனக்கு இரண்டு முறை ஒரு அலுவலகத்திலிருந்து "கருத்து கேட்கப்பட்டுள்ளது, தகவல் அல்ல" என்று ஒற்றை வரி வந்தது. மூன்றாவது தடவை, குறிப்பிட்ட வருஷங்களில் அனுப்பப்பட்ட மொத்தப் பெயர்கள் எத்தனை, அதில் பெண்கள் எத்தனை, சர்வீஸிலிருந்து எத்தனை, அனுப்பிய மாதம் எது என்று மட்டும் கேட்டேன். ஆட்களின் பெயரைக் கேட்கவில்லை. பாதிக்குப் பதில் வந்தது. பாதி வந்ததே பெரிது.

ஒரு லிஸ்டை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். ஐந்து பேரில் ஒரு பெண் என்றால் 20 சதவீதம் என்று தலைப்புப் போடுவார்கள், அடுத்த லிஸ்டில் பூஜ்யம் வரும். குறைந்தது ஐந்து வருஷம் சேர்ந்த பிறகு பேசுங்கள்.

போன மாதம் ஒரு ஜூனியர் என் நோட்டை முழுக்க எக்செல்லில் ஏற்றித் தருகிறேன் என்று எடுத்துப் போனாள். இரண்டே நாளில் தந்தாள், அழகாகத்தான் இருந்தது. ஆனால் முதலில் பிறந்த தேதியை வைத்தும் பிறகு பதவியேற்ற தேதியை வைத்தும் வரிசைப்படுத்தியிருந்தாள். அதில் ஒரே நாளில் பதவியேற்றவர்கள் இடம் மாறிவிட்டார்கள். 2000 ஜனவரி 28 பக்கத்தில் ரூமா பால், சபர்வாலுக்கு மேலே உட்கார்ந்திருந்தார். "இப்படி நடந்திருக்கலாம்தான்" என்று சிரித்துவிட்டுத் திருத்தச் சொன்னேன். நீங்களும் ஏற்றுவதாக இருந்தால், முதல் கட்டத்தில் மூப்பு எண்ணைக் கையால் அடித்துவிட்டு அதை வைத்து மட்டும் வரிசைப்படுத்துங்கள்.